பெரியப்பாவுக்குப் பதில் எழுதும் முன்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் ஒரு வழக்கறிஞர். நீதிமன்றத்தோடு சேர்ந்த சமரச மையத்தில் சமரசராகவும் உட்காருகிறேன். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005 ஏப்ரலில் தொடங்கிய மையம்தான் இந்த வகையில் நாட்டிலேயே முதலாவது. சொத்துத் தகராறு, கணவன் மனைவி வழக்கு, காசோலை வழக்கு என்று வருகிறவர்களை ஒரே மேசையில் உட்கார வைத்துப் பேச வைப்பது எங்கள் வேலை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மதத்தாலும் அரசியலாலும் வரும் சண்டையைப் பற்றிப் பேச வேண்டும் என்று வானொலி நிலையத்தார் கேட்டபோது, இதற்கு எதற்கு வக்கீல் என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம் யோசித்துப் பார்த்தேன். இப்போதெல்லாம் பாகப்பிரிவினைக் கட்டுகள் பலவற்றின் அடியில் ஒரு ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது. சரி, பேசலாம் என்று வந்துவிட்டேன்.

2024 மக்களவைத் தேர்தலை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் ஏப்ரல் 19 அன்றே வாக்குப்பதிவு முடிந்துவிட்டது. எண்ணிக்கையோ ஜூன் 4. நடுவில் ஆறு வாரத்துக்கு மேல். கட்சிக்காரர்களே கொஞ்சம் ஓய்ந்திருந்தார்கள், குடும்பக் குழுக்கள் ஓயவில்லை. எந்தக் குழுவை எடுத்தாலும் ஏறக்குறைய ஒரே ஆட்கள்தான். விடிவதற்குள் முருகன் படத்தோடு காலை வணக்கம் போடும் பெரியப்பா. அதற்குக் கீழேயே பெரியார் பொன்மொழி போடும் சித்தப்பா. இரண்டுக்கும் கைகூப்பும் அத்தை. துபாயிலிருந்து வேலை முடிந்து வந்து நீள நீளமாக எழுதும் ஒரு தம்பி. எல்லாவற்றையும் படித்துவிட்டு ஒரு வார்த்தையும் எழுதாத மருமகள்கள். இந்தக் கடைசி ஆட்களை மறந்துவிடாதீர்கள், அவர்களைப் பற்றி அப்புறம் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். சமரசத்தில் பேசியதை வெளியே சொல்லக் கூடாது என்பது சட்டம். அதனால் ஊர், சொத்து, உறவு எல்லாவற்றையும் கலைத்துப் போட்டுத்தான் சொல்கிறேன்.

அண்ணன், தம்பி. அப்பா விட்டுப்போன ஒரு வீடு, கொஞ்சம் நிலம். காகிதத்தில் பார்த்தால் ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டிய பங்கு. பல அமர்வுகள் ஆகியும் நகரவில்லை. இப்படி முட்டிக்கொண்டு நின்றால் நாங்கள் இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசுவோம். அங்கே ஒருவர் சொல்வதை அவர் சம்மதம் இல்லாமல் மற்றவரிடம் சொல்ல மாட்டோம். அண்ணன் வந்து உட்கார்ந்தார். கோப்பைத் தொடவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரையை விரலால் தள்ளித் தள்ளி 2018க்குப் போனார். அந்த ஆண்டு செப்டம்பர் 28 அன்றுதான், எல்லா வயதுப் பெண்களும் சபரிமலைக்குப் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. கார்த்திகையில் இவர் வழக்கம்போல மாலை போட்டிருக்கிறார். இருமுடி கட்டும்போது எடுத்த படத்தைக் குழுவில் போட்டிருக்கிறார். தம்பி பகுத்தறிவுக்காரர். அந்தப் படத்துக்கே பதிலாக, பெண்களை வாசலில் நிறுத்தும் சாமிக்கு இத்தனை கூட்டமா என்று ஆரம்பித்து ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தார். அதற்குக் கீழே தங்கை மகன் கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மை ஒன்றைப் போட்டிருந்தான்.

"இதற்கு முன்னால் அவர் உங்களிடம் இப்படிப் பேசினதே இல்லையா?" என்று கேட்டேன்.

"இதைவிட மோசமாப் பேசியிருக்கான் சார். காலேஜ்ல படிச்ச காலத்துல இருந்து இதே பேச்சுத்தான். அம்மா தோசை சுட்டுக்கிட்டே ரெண்டு பேரையும் திட்டும். சாப்பிட்டுட்டுப் பக்கத்துப் பக்கத்துல படுத்துருவோம். இப்ப என் மாப்பிள்ளை பார்த்துட்டார் சார். என் பேத்தி பார்த்துட்டா."

நான் இன்று சொல்ல வந்தது இதைத்தான். அவரைக் குத்தியது தம்பியின் கருத்து இல்லை. அதை யார் யார் முன்னால் கேட்க வேண்டியிருந்தது என்பதுதான்.

குழுவில் பதில் எழுதும்போது பெரியப்பாவுக்கு எழுதுவதாக நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் பார்த்துக்கொண்டிருக்கும் முப்பது பேருக்கு எழுதுகிறோம். அவரும் அப்படித்தான். தன் கருத்தில் ஓட்டை இருக்கிறது என்று அவருக்கே படலாம். ஆனால் அதை ஒத்துக்கொள்வதென்றால் சம்பந்தி முன்னால், மருமகன் முன்னால் ஒத்துக்கொள்ள வேண்டும். எழுபது வயதில் யார் செய்வார்? நானும் செய்ய மாட்டேன். பட்டிமன்றத்திலாவது ஒரு நடுவர் உண்டு, நேரம் முடிந்தால் மணி அடிப்பார், இரண்டு அணியும் ஒரே காரில் ஊர் திரும்பும். இங்கே எதுவும் இல்லை. பேசியது காற்றோடு போவதும் இல்லை. ஏழு ஆண்டு கழித்து ஒருவர் என் மேசையில் வைத்துத் திறந்து காட்டுகிறார்.

கொள்கைக்காகக் கடுமையாக மோதுவது நமக்குப் புதிதல்ல. ராஜாஜி 1953இல் கொண்டுவந்த கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று சொல்லிப் பெரியார் எதிர்த்த எதிர்ப்பு சாதாரணமானதா? அடுத்த ஆண்டு ராஜாஜி பதவியை விட்டே போனார். அவர்கள் இருவரும் நண்பர்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதைதான். 1972 டிசம்பரில் ராஜாஜி இறந்தபோது சுடுகாட்டில் பெரியார் கண்ணீர் விட்டதையும் மேடைதோறும் சொல்கிறோம். எனக்கு அதைவிடப் பிடித்தது 1949 மே மாதம் நடந்தது. கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி ஒரு விழாவுக்குத் திருவண்ணாமலை வந்தார். பெரியார் போய் அவரைத் தனியே பார்த்தார். என்ன பேசினீர்கள் என்று பெரியாரின் சொந்த இயக்கத்துக்காரர்களே துளைத்தார்கள். சொந்த விஷயம் என்பதற்கு மேல் எதுவும் வெளியே வரவில்லை. சண்டைக்கு மேடையும் பத்திரிகையும், உறவுக்கு ஆள் இல்லாத இடம் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. நாம் சண்டை, உறவு இரண்டையும் ஒரே இடத்தில் வைத்திருக்கிறோம். பேத்தியின் காதுகுத்துப் படமும் அங்கேதான், கட்சிச் சண்டையும் அங்கேதான்.

ஆகவே பெரியப்பாவுக்குச் சொல்ல வேண்டியது இருந்தால் பெரியப்பாவிடம் சொல்லுங்கள், குழுவில் வேண்டாம். தனியாக வாட்ஸ்அப்பில் எழுதுவதைவிடவும் போன் நல்லது. எழுத்தில் குரல் இல்லை. "அப்படியா" என்ற ஒரு சொல்லை ஆச்சரியமாகவும் படிக்கலாம், நக்கலாகவும் படிக்கலாம். கோபத்தில் இருக்கிறவர் எப்படிப் படிப்பார் என்று உங்களுக்கே தெரியும். செய்தி வந்த கையோடு கூப்பிடாதீர்கள். இரண்டு நாள் போகட்டும். கூப்பிட்டதும், "சர்க்கரை எவ்வளவு இருக்கு, மாத்திரை மாத்தினாங்களா?" என்று உண்மையாகவே கேளுங்கள். பேச்சு நடக்கிற போக்கில், "பெரியப்பா, அன்னைக்கு ஒண்ணு போட்டிருந்தீங்களே, அது நீங்க சொல்றதா, வந்ததை அப்படியே அனுப்பினதா?" என்று கேட்டுப் பாருங்கள்.

இந்தக் கேள்வி முக்கியம். செய்தியின் தலையில் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது ஐந்து கைகளாவது மாறி வந்தது என்று பொருள். பாதி நேரம் பெரியப்பா அதை முழுதாகப் படித்திருக்கவே மாட்டார். தலைப்பைப் பார்த்தார், நம்ம ஆட்களுக்குச் சாதகமாக இருக்கிறது, தள்ளிவிட்டார். யாரோ ஒரு கட்சி அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதியதற்காக நீங்கள் பெரியப்பாவோடு மல்லுக்கு நிற்கிறீர்கள். அவரும், தான் எழுதாத ஒன்றைக் காப்பாற்ற வேண்டிய நிலைக்குப் போய்விடுகிறார். எங்கள் அமர்வுகளிலும் இதைப் பார்க்கிறோம். வக்கீல் நோட்டீசில் இருக்கும் வார்த்தைக்காக அண்ணன் தம்பி அடித்துக்கொள்வார்கள், அந்த வார்த்தை இரண்டு பேருடையதும் இல்லை. என் தொழிலைச் சேர்ந்தவர்கள் மன்னிக்கட்டும்.

எல்லாத் தவறையும் திருத்த வேண்டியதில்லை. நம் தேசிய கீதத்தை உலகிலேயே சிறந்ததாக யுனெஸ்கோ அறிவித்தது என்று ஒரு செய்தி மின்னஞ்சல் காலத்திலிருந்து சுற்றுகிறது. அப்படி ஒரு அறிவிப்பே கிடையாது. அத்தை அதை ஆகஸ்ட் 15 அன்று போட்டால் விட்டுவிடுங்கள். யாருக்கும் அடிபடப் போவதில்லை.

அடிபடுகிற செய்தி வேறு. 2018 மே மாதம் குலதெய்வக் கோயிலுக்குப் போவதற்காகச் சென்னையிலிருந்து காரில் கிளம்பிய ஒரு குடும்பம், திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் பக்கம் வழியில் நின்றது. உடன் வந்த அறுபத்தைந்து வயது அம்மா அங்கிருந்த குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிற கும்பல் நடமாடுகிறது என்று வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே வதந்தி பரவியிருந்தது. கூட்டம் கூடி அந்த அம்மாவை அடித்தே கொன்றுவிட்டது. வட மாநிலங்களிலும் இப்படிச் சாவுகள் நடந்த பிறகு, அந்த ஜூலையில்தான், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 இடங்களுக்கு மேல் தள்ள முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு போட்டது. 2020 ஏப்ரலில், இரட்டை அம்பு விழுந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒரே இடத்துக்குத்தான் அனுப்பலாம் என்றார்கள். 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் தாக்குகிறார்கள் என்று சம்பந்தமில்லாத வீடியோக்கள் சுற்றியதும் உங்களுக்கு நினைவிருக்கும்.

இந்த வகைச் செய்தி குழுவில் வந்தால் தனியாகப் போன் போட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. குழுவிலேயே, உடனே சொல்ல வேண்டும். ஆனால் செய்தியைப் பற்றி மட்டும் சொல்லுங்கள். "இந்த வீடியோ வேற ஊர்ல எடுத்தது, போலீஸ் மறுத்திருக்காங்க, யாருக்கும் அனுப்ப வேண்டாம்." அவ்வளவுதான். "படிக்காம அனுப்புறதே உங்களுக்கு வழக்கமாப் போச்சு" என்று ஒரு வால் சேர்த்தால், வீடியோ போய்விடும், வால் நின்றுவிடும்.

இப்போது அந்த மருமகள்களுக்கு வருகிறேன். இன்றைக்கு ஒரு நடுத்தரக் குடும்பத்தை எடுத்தால் ஒரு மருமகள் வேறு சாதி, ஒரு மருமகன் கிறிஸ்தவர் அல்லது முஸ்லிம் என்று இருப்பது அதிசயமில்லை. கல்யாணத்தில் எல்லோரும் சாப்பிட்டுவிட்டு, மொய்யும் எழுதிவிட்டு, குழுவிலும் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆறு மாதம் கழித்து அந்த மதத்தைப் பற்றி, அந்தச் சாதியைப் பற்றி ஒரு கேவலமான செய்தி வருகிறது. போட்டவருக்கு அந்தப் பெண் அங்கே இருப்பது ஞாபகம்கூட இருக்காது. எல்லோரும் பார்க்கிறார்கள், நீல டிக் விழுகிறது, ஒருவரும் பேசுவதில்லை. குடும்ப ஒற்றுமையாம்.

இதைக் கருத்து வேறுபாடு என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இங்கே தனியாகப் பேசிக்கொள்ளலாம் என்ற யோசனையும் செல்லாது. நாலு பேர் பார்க்க அவமானப்படுத்தியதற்கு நாலு பேர் பார்க்கத்தான் கண்டனம் வர வேண்டும். யார் சொல்வது? அந்த மருமகள் இல்லை. அவள் வாயைத் திறந்தால் "வந்ததும் வராததுமா" என்று ஆரம்பிப்பார்கள். அவளுடைய கணவன் சொல்ல வேண்டும், அதாவது அந்த வீட்டுப் பிள்ளை. "சித்தப்பா, என் பொண்டாட்டியும் இந்தக் குழுவில இருக்கா. இதை எடுத்துடுங்க" என்று ஒரே வரி. பல ஆண்கள் இதைச் செய்யாமல், ராத்திரி அறைக்குள் வந்து "அவரு அப்படித்தான், நீ கண்டுக்காத" என்கிறார்கள். குடும்பநல வழக்குகளில் இந்த வாக்கியத்தை நான் அடிக்கடி கேட்டிருக்கிறேன், பெண்கள் வாயிலிருந்து, புகாராக.

குழுவில் அரசியல், மதம் பேசக் கூடாது என்று அட்மின் விதி போட்டால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. முருகன் படம் மதமா இல்லையா? தலைவர் பிறந்தநாள் வாழ்த்து அரசியலா இல்லையா? பெரும்பாலானவர்களுக்குப் பழகிப்போனது எதுவோ அது சும்மா வாழ்த்து ஆகிவிடும், ஒன்றிரண்டு பேர் போடுவது மட்டும் மதமாகவும் அரசியலாகவும் தெரியும். அட்மினையும் நீதிபதி ஆக்காதீர்கள். உறுப்பினர் போடும் பதிவுக்கு அட்மின் பொறுப்பாளி ஆக முடியாது என்று 2022இல் கேரள உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது. பாவம், குலதெய்வப் பொங்கலுக்குப் பணம் வசூலிக்கக் குழு தொடங்கியவர் அவர்.

தாங்க முடியாவிட்டால் மியூட் செய்யுங்கள். வெளியேறுவதும் குற்றமில்லை. 2022க்குப் பிறகு நீங்கள் வெளியேறும்போது அட்மின்களுக்கு மட்டும்தான் அறிவிப்புப் போகும். ஆனால் குடும்பக் குழுவில் பாதிப் பேர் அட்மினாக இருப்பார்கள், அது வேறு விஷயம்.

தனியாகப் பேசினால் மட்டும் தீர்ந்துவிடுமா என்று கேட்பீர்கள். தீராது. நாங்கள் எழுதும் ஒப்பந்தத்தில் யாருக்கு எந்தப் பங்கு என்று இருக்கும், சாமி உண்டா இல்லையா என்பதை எழுத மாட்டோம். அந்த அண்ணன் தம்பி விஷயத்தில், அண்ணன் சொன்னதை அவர் சம்மதத்தோடு தம்பியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், "மாப்பிள்ளை இருந்ததை நான் யோசிக்கலை" என்றார். வீடு அண்ணனுக்கு, நிலம் தம்பிக்கு என்று முடிந்தது. கையெழுத்துப் போட வந்த அன்று தங்கையும் வந்திருந்தார். தம்பி இப்போதும் சபரிமலையைப் பற்றி எழுதுகிறாராம், தன் முகநூல் பக்கத்தில். தான் அதைப் பார்ப்பதே இல்லை என்று அண்ணன் சொன்னார். தினமும் பார்க்கிறார் என்று தங்கை சொன்னார்.

நன்றி, வணக்கம்.