டர்பைன் பிளேடுக்கு ஒரு பீங்கான் தோல்

[திரை: விமான என்ஜினின் குறுக்குவெட்டு. எரியறைக்கு அடுத்த பிளேடு வரிசை சிவக்கிறது]

ஜெட் என்ஜினில் எரியறையைத் தாண்டியதும் வரும் முதல் பிளேடு வரிசைதான், பாவம், மொத்தச் சூட்டையும் வாங்கிக்கொள்கிறது. அங்கே வீசும் வாயுவின் வெப்பம் 1500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பிளேடு செய்திருக்கும் நிக்கல் கலப்புலோகமோ 1350 டிகிரிக்குள்ளேயே உருகத் தொடங்கிவிடும். அப்புறம் எப்படித் தாக்குப்பிடிக்கிறது?

பாதி வேலை காற்றுடையது. பிளேடுக்குள் குடைந்த பாதைகளில் கம்ப்ரசர் காற்று ஓடி, பொடித் துளைகள் வழியாகக் கசிந்து மேற்பரப்பில் படலமாகப் படர்கிறது. மீதியைப் பூச்சு பார்த்துக்கொள்கிறது.

[திரை: பூச்சு, நுண்ணோக்கியில்]

கால் மில்லிமீட்டர் தடிமன் இருந்தாலே அதிகம். மேலே இருப்பது சிர்கோனியா என்ற பீங்கான். சூடாகி ஆறும்போது அதன் படிக அமைப்பு மாறும், பருமனும் மாறும், விரிசல் விட்டுவிடும். அதைத் தடுக்க இட்ரியா, அதாவது இட்ரியம் ஆக்சைடு, கலக்கிறார்கள். நிறையக் கலந்தால் இன்னும் நல்லதுதானே? இல்லை. எடையில் 6 முதல் 8 சதவீதம் இருந்தால்தான் பூச்சு அதிக நாள் நிற்கிறது என்று 1970களில் நாசாவின் லூயிஸ் ஆய்வு மையத்தில் சோதித்துக் கண்டார்கள். இன்றும் ஏறக்குறைய அதே அளவுதான்.

அடியில் அலுமினியம் கலந்த ஒட்டுப்பூச்சு. அதன்மேல் தானாக உண்டாகும் அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) படலம் உலோகத்தைக் காக்கும். ஆனால் என்ஜின் ஓட ஓட அதுவும் தடிக்கும். சில மைக்ரான் தாண்டினால் பீங்கானையே பெயர்த்துவிடும்.

இப்போது பீங்கானைக் கிட்டப் பாருங்கள். நெருங்கி வளர்ந்த மூங்கில் புதர் மாதிரி தனித்தனித் தூண்கள். எலக்ட்ரான் கற்றையால் ஆவியாக்கிப் படியவைத்தால் இப்படித்தான் வளரும். உலோகம் விரியும்போது தூண்கள் விலகிக்கொடுக்கும், பூச்சு உரியாது. அந்த இடுக்குகள்தான் இதன் பலம்.

வினையும் அங்கேதான். பாலைவன மணலோ எரிமலைச் சாம்பலோ உள்ளே வந்தால், 1200 டிகிரியை ஒட்டிய சூட்டில் கண்ணாடிக் குழம்பாக உருகி இடுக்குகளில் இறங்கி உறைந்துவிடும். அப்புறம் விலகிக்கொடுக்க இடமேது? ஆறும்போது செதில் செதிலாகக் கழன்றுவிடும். எரிபொருளை மிச்சப்படுத்த என்ஜினை இன்னும் சூடாக ஓட்டப் பார்க்கிறார்கள். சூடு ஏற ஏற இந்தத் தொல்லையும் ஏறும்.

[திரை: இரட்டை அடுக்குப் பூச்சு]

அதற்குத்தான் கடோலினியம் சிர்கோனேட் என்ற இன்னொரு பீங்கான். உருகிய மணலோடு சட்டென வினைபுரிந்து, புதுப் படிகங்களாக உறையவைத்து, மேலேயே நிறுத்திவிடும். வெப்பத்தையும் குறைவாகவே கடத்தும். சரி, இதையே முழுக்கப் பூசலாமே என்றால், எளிதில் நொறுங்கும், அலுமினாவோடும் ஒத்துப்போகாது. அதனால் அடியில் பழைய சிர்கோனியா, மேலே இது என்று இரண்டு அடுக்காகப் பூசுகிறார்கள், அதுவும் காற்றுத் துளைகள் அடைபடாமல்.