மின்சாரக் கார் கட்டுப்படியாகுமா? காங்கயத்திலிருந்து ஒரு கணக்கு

வணக்கமுங்க. காங்கயம் வீட்டு வாசலில் காரைச் சார்ஜில் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். மின்சாரக் கார் கட்டுப்படியாகுமா என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். வண்டி விலை கிடக்கட்டும், மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள்? அதைச் சொன்னால்தான் பதில் சொல்ல முடியும்.

நான் தினமும் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய் வருகிறேன். மாதம் 1,500 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் பெட்ரோல் கார் என்றால் 100 லிட்டர், அதாவது 10,000 ரூபாய்க்குக் குறையாது. என் வண்டி, சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் ஓடுகிறது. 250 யூனிட். யூனிட் 10 ரூபாய் என்று வைத்தாலும் 2,500தான். மாதம் 7,500 மிச்சம். வாங்கும்போது நான் கூடுதலாகக் கொடுத்த 4 லட்சம் நாலரை வருடத்தில் திரும்பிவிடும்.

10 ரூபாய் எதற்கு என்று கேட்பீர்கள். இரண்டு மாத ரீடிங்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் கரண்ட் பில்லின் விகிதமே மாறிவிடுகிறது. கார் வந்தால் கட்டாயம் தாண்டும். அதனால் தாராளமாகவே போட்டேன். மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டால் நாளைக்குச் சுமார் 12 யூனிட் வரும், மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய். நம் ஊர் வெயிலுக்கு அதை நான் தைரியமாகச் சொல்வேன். வீட்டில் சார்ஜ் போட வழியில்லாமல் வெளியே வேகச் சார்ஜரையே நம்பினால் யூனிட் விலை இரட்டிப்பாகி, மிச்சமும் குறைந்துவிடும்.

தோட்டத்து பம்புசெட் கரண்டில் போடலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாமுங்க. அது பாசனத்துக்கு மட்டும் கொடுத்தது. மின்கட்டண உயர்வை எதிர்த்துப் போராடிய விவசாயிகள் 1970-ல் பெருமாநல்லூரில் குண்டடி பட்டு உயிர்விட்டார்கள். அப்படி வந்த சலுகையைக் காருக்குத் திருப்புவது எனக்கு மனசு ஒப்பாத காரியம்.

சர்வீஸ் செலவு குறைவுதான். ஆயில் இல்லை, பிளக் இல்லை, கிளட்ச் இல்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மோட்டார் வேகத்தைக் குறைத்து அதைக் கரண்டாக்கிக்கொள்வதால் பிரேக் பேடும் நாள்பட வருகிறது. திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவு இறங்கும்போது சார்ஜ் ஏறுவதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷம். ஆனால் வண்டி கனம், டயர் சீக்கிரம் தேய்கிறது. இன்சூரன்ஸில் மூன்றாம் நபர் பிரீமியத்துக்கு 15 சதவீதத் தள்ளுபடி உண்டு. வண்டி விலை அதிகம் என்பதால் சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் அதைச் சாப்பிட்டுவிடுகிறது.

தாராபுரத்தில் எங்கள் சித்தப்பா ஷோரூம் வரைக்கும் போய்விட்டார். அவர் கார் கல்யாணம், காதுகுத்து, சிவன்மலைக் கோயில், அவ்வளவுதான் ஓடும். மாதம் 400 கிலோமீட்டர். மிச்சம் 2,000 ரூபாய். 4 லட்சம் திரும்ப 16 வருடத்துக்கு மேல் ஆகும். பேட்டரி வாரண்டியோ பெரும்பாலும் 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர். “சித்தப்பா, இப்போதைக்கு வேண்டாமுங்க” என்றேன். பழைய பெட்ரோல் காருக்கே நாலு டயரும் புதுசாகப் போட்டு, போன வாரம் சிவன்மலைக்குப் போய் வந்தார்.