ஸ்விஃப்ட் வீல் ஸ்போர்ட்ஸ் காரில் உட்காருமா? தாழ்த்திய கார் தொப்பூர் இறக்கத்தில் ஏன் ‘கர்ர்’ என்கிறது?

வணக்கம் மக்களே! வந்ததும் ஒரு குண்டைத் தூக்கிப் போடுகிறேன். நம்ம தருமபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் நின்று திரும்பிய இடமெல்லாம் தெரிகிற மாருதி ஸ்விஃப்ட் இருக்கிறதே, அதன் அலாய் வீலைக் கழற்றி மஸ்டா எம்எக்ஸ்-5 என்கிற ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காரில் வைத்தால், நான்கு போல்ட் துளையும் அச்சாக உட்காரும். நடுவில் இருக்கிற பெரிய துளையும் சரியாகப் பொருந்தும்.

நம்பவில்லையா? இரண்டிலும் நான்கு போல்ட். போல்ட்டுகள் அமைந்திருக்கும் வட்டத்தின் விட்டம், அதாவது பிசிடி, இரண்டிலும் 100 மில்லிமீட்டர். சென்டர் போர், அதாவது அந்த நடுத்துளை, இரண்டிலும் 54.1 மில்லிமீட்டர். 1989-ல் வந்த முதல் தலைமுறை எம்எக்ஸ்-5-க்கும் அதற்கு அடுத்த தலைமுறைக்கும் இதுதான் கணக்கு. இந்தக் கார் நம்ம நாட்டு ஷோரூமுக்கு வந்ததே இல்லை. ஆனால் சக்கரம் மட்டும் நம்ம தெருவிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது! எனக்கு இதில் இருக்கிற சந்தோஷம் கொஞ்ச நஞ்சமல்ல.

ஒரு எச்சரிக்கை. சக்கரத்தோடு சேர்த்து ஸ்விஃப்ட்டின் நட்டையும் எடுத்துப் போய்விடாதீர்கள். சுசுகி நட்டின் மறையில் ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் இடைவெளி 1.25 மில்லிமீட்டர், மஸ்டாவுக்கு 1.5. கையால் இரண்டு சுற்று ஏறுகிற மாதிரி இருக்கும். அப்புறம் பட்டறையில் ஏர் கன் வைத்து ஒரு இழுப்பு இழுத்தால், நட் ஏறுகிற ஸ்டட்டின் மறை காலி.

சரி, துளை பொருந்திவிட்டால் சக்கரம் பொருந்திவிட்டதா? இல்லவே இல்லை. இன்றைய வீடியோ அதைப் பற்றித்தான்.

(திரையில்: சக்கரத்தின் குறுக்குவெட்டுப் படம். நடுவில் சிவப்புக் கோடு.)

அலாய் வீலின் உள்பக்கம் ‘ஈ.டி. 45’ என்கிற மாதிரி ஒரு எண் வார்த்திருக்கும். அதுதான் ஆஃப்செட். ரிம்மின் அகலத்தைச் சரிபாதியாக வெட்டுகிற நடுக்கோட்டிலிருந்து, சக்கரம் ஹப்பில் (சக்கரத்தை மாட்டுகிற நடுப்பகுதியில்) போய் ஒட்டுகிற முகம் எத்தனை மில்லிமீட்டர் வெளியே தள்ளி இருக்கிறது என்பதைச் சொல்கிற எண். எண் குறையக் குறைய சக்கரம் தனக்கு மேலே வளைந்திருக்கிற தகட்டை, அதாவது ஃபெண்டரை, தாண்டி வெளியே எட்டிப் பார்க்கும். எண் கூடினால் உள்ளே, ஸ்பிரிங் பக்கமாகப் போய் ஒளிந்துகொள்ளும். கடைக்குப் போகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் “பதினஞ்சு இன்ச் போடலாமா, பதினாறு போடலாமா” என்றுதான் கேட்கிறார்கள். இந்த எண்ணை யாரும் கேட்பதில்லை. எனக்கு ஆத்திரமாக வரும்.

பேப்பர் பேனா எடுங்கள், ஒரு கணக்கு போடுவோம். முதல் எம்எக்ஸ்-5 கம்பெனியிலிருந்து வந்தபோது ரிம் அகலம் 5.5 இன்ச், ஆஃப்செட் 45. இப்போது ஒருவர் 8 இன்ச் அகலம், ஆஃப்செட் 25 உள்ள ரிம் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அகலம் 2.5 இன்ச் கூடுகிறது. அது 63.5 மில்லிமீட்டர். பாதி வெளியே, பாதி உள்ளே, பக்கத்துக்கு 32 என்று வைத்துக்கொள்ளலாம். ஆஃப்செட் 45-லிருந்து 25-க்கு இறங்கியதால் மொத்தச் சக்கரமும் இன்னும் 20 வெளியே நகர்கிறது. ஆக வெளிப்பக்கம் 32-ம் 20-ம் சேர்ந்து 52. உள்பக்கம் 32-ல் 20 போக 12.

52 மில்லிமீட்டர்! உங்கள் மூன்று விரலைச் சேர்த்து ஃபெண்டர் ஓரத்தில் வைத்துப் பாருங்கள். அவ்வளவு தூரம் ரிம் வெளியே வருகிறது. “அப்போ ஆஃப்செட்டை 45-லேயே வைத்துக்கொள்கிறேன்” என்றால், உள்பக்கமும் 32 போகும். அங்கே ஸ்பிரிங்கும் சஸ்பென்ஷன் ஆர்மும் சும்மா இருக்குமா? ஒரு பக்கம் கொடுத்தால்தான் இன்னொரு பக்கம் கிடைக்கும். இந்த இழுபறியில் எந்த எண்ணில் நிற்பது என்பதுதான் ஃபிட்மென்ட். மற்றதெல்லாம் பாலிஷ்.

டயர் அளவை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். எம்எக்ஸ்-5-ன் பழைய டயர் 185/60 ஆர் 14, அதாவது அகலம் 185 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 60 சதவீதம், ரிம் 14 இன்ச். மொத்த உயரம் 577.6 மில்லிமீட்டர். 195/50 ஆர் 15 போட்டால் 576. ரிம் ஒரு இன்ச் பெரிதானாலும் மொத்த உயரம் இரண்டு மில்லிமீட்டர்கூட மாறவில்லை, ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லாது. ஆனால் அந்த 195 டயருக்கு ஏற்ற ரிம் 5.5 முதல் 7 இன்ச் வரைதான். அதை 8 இன்ச் ரிம்மில் இழுத்துக் கட்டி ‘ஸ்டான்ஸ்’ என்று படம் போடுகிறார்கள். பள்ளத்தில் விழுந்தால் டயரின் ஓரம் ரிம்மை விட்டுக் கழன்றுகொள்ள வாய்ப்பு உண்டு. எனக்குத் துளியும் பிடிக்காத வேலை இது. 8 இன்ச் வேண்டுமென்றால் 225/45 ஆர் 15 மாதிரி அகல டயருக்குப் போங்கள், லோட் இண்டெக்ஸ், அதாவது டயர் எவ்வளவு எடை தாங்கும் என்று சொல்கிற எண், பழையதைவிடக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது தொப்பூருக்கு வருவோம். இதற்காகத்தான் இந்த வீடியோவே எடுத்தேன்.

ஸ்பிரிங் மாற்றி வண்டியைத் தாழ்த்திவிட்டீர்கள். கிருஷ்ணகிரி டோல் வரிசையில் நிற்கும்போது டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவே ஒரு விரல் நுழைகிறது. பார்க்க அம்சமாக இருக்கிறது. அந்த ஒரு விரல் இடைவெளியை நம்பாதீர்கள். அது வண்டி நிற்கும்போது மட்டும் இருக்கிற இடைவெளி.

தருமபுரி தாண்டி சேலம் பக்கம் தொப்பூர் இறக்கத்தில் இறங்கும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். முன்னால் லாரி. பிரேக் பிடிக்கிறீர்கள், எடை முழுக்க முன்பக்கம் சாய்கிறது. அதே நேரம் வளைவு, எடை வெளிப்பக்கச் சக்கரத்துக்குப் போகிறது. ஸ்டியரிங்கும் திரும்பியிருக்கிறது. ஆக முன்பக்கத்தில் ஒரே ஒரு சக்கரம் ஃபெண்டருக்குள் ஆழமாக ஏறி, திரும்பிய நிலையில் நிற்கிறது. டயர் உரச இதைவிட நல்ல இடம் கிடைக்காது. மாம்பழ சீசனில் ரோட்டோரம் நிறுத்தி டிக்கியில் இரண்டு பெட்டி ஏற்றியிருந்தால் பின்பக்கமும் சேர்ந்து பாட ஆரம்பிக்கும்!

இன்னொன்று. முன்பம்பர் இடிக்கக் கூடாது என்று தாழ்ந்த காரை வேகத்தடையில் குறுக்காக ஏற்றுவோம் இல்லையா? அங்கேயும் இதே கதைதான். ஸ்டியரிங் திரும்பிய நிலையில் ஒரு சக்கரம் மட்டும் தனியாக மேலே ஏறுகிறது.

அதற்காகத் தொப்பூரில் போய் டெஸ்ட் செய்யாதீர்கள், கும்பிட்டுக் கேட்கிறேன். பட்டறையிலேயே பார்க்கலாம். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஷாக்கை மட்டும் மாட்டி, ஜாக்கியால் சக்கரத்தை பம்ப் ஸ்டாப் (சக்கரம் இதற்கு மேல் ஏறாமல் தடுக்கிற ரப்பர்) வரை தூக்குங்கள். ஸ்டியரிங்கை இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை திருப்புங்கள். எங்கே இடிக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். ஏற்கெனவே ஓடுகிற வண்டி என்றால் ஃபெண்டர் மடிப்பின் உள்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு இடத்தில் மட்டும் பெயின்ட் போய், தகடு கத்தி முனை மாதிரி பளபளவென்று இருக்கும். டயரின் தோளில் அதற்கு நேராக ஒரு கோடு விழுந்திருக்கும். அந்த மடிப்பை உள்ளே மடக்கலாம், ஆனால் ஹீட் கன்னால் சூடாக்கிக்கொண்டே ரோலர் ஓட்ட வேண்டும். பச்சையாக மடக்கினால் பெயின்ட் வெடித்துவிடும்.

கேம்பரும், அதாவது முன்னாலிருந்து பார்த்தால் தெரிகிற சக்கரத்தின் சாய்வும், கை கொடுக்கும். இந்த அளவு டயரை ஒரு டிகிரி உள்ளே சாய்த்தால் மேல்முனை சுமார் 5 மில்லிமீட்டர் உள்ளே போகும். எம்எக்ஸ்-5-ல் டபுள் விஷ்போன் (சக்கரத்தை மேலும் கீழும் இரண்டு ஆர்ம் தாங்குகிற சஸ்பென்ஷன்) என்பதால் வண்டி தாழத் தாழ கேம்பர் தானாகவே உள்ளே சாயும். டோவும், அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கிற அளவும், கூடவே மாறும், அதனால் ஸ்பிரிங் மாற்றிய கையோடு அலைன்மென்ட் பார்க்காவிட்டால் புது டயரின் உள் ஓரம் சீக்கிரமே வழுக்கையாகிவிடும்.

சட்டம்? மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி சொன்ன விவரத்திலிருந்து வண்டி மாறக் கூடாது என்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொன்னது.

உங்கள் காரின் பெயர், ரிம் அகலம், ஈ.டி. எண், டயர் அளவு, இந்த நான்கையும் கமென்டில் போடுங்கள். “அண்ணா, பதினேழு போடலாமா” என்று மட்டும் கேட்டால் பதில் வராது! நான்கும் இருந்தால் வெளியே எவ்வளவு, உள்ளே எவ்வளவு என்று கணக்கு போட்டுச் சொல்கிறேன். ஓசூரிலிருந்து ஸ்பேசர் (ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே வைக்கிற வட்டத் தகடு) பற்றிக் கேட்ட தம்பிக்குத் தனி வீடியோ வருகிறது, பெல் பட்டனை அழுத்தி வையுங்கள்.