தூண்டில் முள்ளுக்கு விலைபோன வெள்ளிப்பிடி

எல்லாருக்கும் வணக்கம். கப்பல் கதை சொல்லக் கூப்பிட்டிருக்கிறீர்கள். இருபது வருஷத்துக்கு மேல் சரக்குக் கப்பலில் ஓடியவன், சொந்தக் கதையை எடுத்துவிடப் போகிறான் என்று முன்வரிசையில் சிலர் சிரிப்பது தெரிகிறது. பயப்படாதீர்கள், இன்றைக்கு வேறு ஒருவன் கதை. அவன் பெயர்கூட நம் கைக்கு ஒழுங்காக வந்து சேரவில்லை. ஓரிடத்தில் ஜோ என்று எழுதியிருக்கிறது, இன்னோரிடத்தில் அச்சௌலியா. மற்ற இடத்திலெல்லாம் வெறும் ‘லஸ்கர்’. நம்ம பொதுப்பணித் துறையில் வாய்க்கால் ஷட்டரைத் திறந்து மூடுகிற ஆளை லஸ்கர் என்கிறோமே, அதே சொல்தான். பாரசீகத்தில் படை என்று அர்த்தம். வெள்ளைக்காரன் கப்பலில் கூலிக்கு ஏறிய ஆசிய மாலுமிகளுக்கு அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது.

1813. ஹன்ட்டர் என்ற கல்கத்தா கப்பல் ஃபிஜித் தீவுகளில் நிற்கிறது. வந்தது சந்தனக் கட்டைக்கும் கடல் அட்டைக்கும். ராமேஸ்வரம் பக்கத்து ஆட்களுக்குக் கடல் அட்டையைப் பற்றி நான் சொல்ல வேண்டாம், அன்றைக்கும் அது சீனாவுக்குத்தான் போனது. சரி, சந்தனத்துக்கு விலை என்ன? இரும்புச் சாமான், திமிங்கிலப் பல், சில சமயம் சண்டை. அதாவது, ‘எங்கள் எதிரி ஊரை உன் துப்பாக்கியை வைத்து அடித்துக்கொடு, நாங்கள் கட்டை வெட்டித் தருகிறோம்’ என்கிற மாதிரி ஒப்பந்தம். கேப்டன் ராப்சன் அப்படிச் சண்டை போட்டுக் கொடுத்தும் பார்த்தார், கட்டை மட்டும் பேசினபடி வந்து சேரவில்லை. கோபத்தில் செப்டம்பரில் வைலேயா என்ற ஊர்மேல் ஆட்களை இறக்கினார். இறங்கினவர்களில் பலர் திரும்பவில்லை. ஒரு பாறை உச்சியில் ஏறித் தப்பியவர்களில் இரண்டு பேரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: பீட்டர் டில்லன், ஆறடிக்கும் மேல் உயரம், முன்கோபி, அயர்லாந்துக்காரர், மார்ட்டின் புஷார்ட், பிரஷ்யாக்காரர்.

கீழே செத்தவர்களைச் சுட்டுத் தின்றார்கள், நான் மேலேயிருந்து பார்த்தேன் என்று டில்லன் பிற்பாடு எழுதினார். ஐரோப்பாவில் அது சூடாக விற்றது. இலங்கையில் பிறந்த மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர இந்தக் கதையைப் பிரித்துப் போட்டு, இதில் பெரும்பங்கு கடலோடி அடித்துவிட்ட கதை என்று வாதாடியிருக்கிறார். அதை மறுக்கிறவர்களும் உண்டு. எனக்குத் தெரிந்து, கப்பல்காரன் சமையலில் உப்பு எப்படியோ, கதையில் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும். தன்னைப் பற்றிச் சொல்லும்போது இன்னும் தூக்கலாக இருக்கும். ஆனால் இதே டில்லன் அடுத்தவர் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டு எழுதிய இடங்கள் வேறு மாதிரி, அங்கேதான் நான் வருகிறேன்.

சண்டைக்குப் பிறகு ஃபிஜியில் இருக்க முடியாத மூன்று பேர் ஹன்ட்டரில் ஏறிக்கொண்டார்கள்: புஷார்ட், அவருடைய ஃபிஜி மனைவி, நம்ம லஸ்கர். முதலில் தட்டுப்படும் கரையில் எங்களை இறக்கிவிடுங்கள் என்றார்கள். தட்டுப்பட்டது டிக்கோப்பியா. இன்றைய சாலமன் தீவுகளின் கிழக்குக் கோடியில், ஐந்து சதுர கிலோமீட்டர்தான் இருக்கும், காலையில் கிளம்பிச் சுற்றி வந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காரலாம். இறக்கிவிட்டுக் கப்பல் போய்விட்டது.

பதிமூன்று வருஷம் கழித்து, 1826 மே 13. டில்லன் இப்போது செயின்ட் பேட்ரிக் என்ற சொந்தக் கப்பலில் தென் அமெரிக்காவின் சிலி நாட்டு வால்பரைசோவிலிருந்து வருகிறார். போகிற இடம் எது தெரியுமா? நம்ம புதுச்சேரி. வழியில் டிக்கோப்பியா தெரிகிறது, அந்த மூன்று பேர் என்ன ஆனார்கள் பார்ப்போம் என்று நிறுத்துகிறார். ஓடத்தில் ஏறி லஸ்கர் வருகிறான். உயிரோடுதான் இருக்கிறான், கல்யாணம் வேறு ஆகியிருக்கிறது. அவன் கையில் பழைய வாள் ஒன்றின் வெள்ளிப்பிடி. கப்பல் ஆள் ஒருத்தனிடம் அதை நீட்டிச் சில தூண்டில் முள் வாங்கிக்கொள்கிறான்.

இங்கே கொஞ்சம் நிற்கலாம். வெள்ளியைக் கொடுத்து இரும்பு முள் வாங்கின ஏமாளி என்று நினைக்கத் தோன்றும். அந்தத் தீவில் வெள்ளியை வைத்து என்ன செய்வது? முள் இருந்தால் தினமும் மீன். கணக்குத் தெரிந்தவன் செய்த வியாபாரம் அது.

டில்லன் பிடியை வாங்கித் திருப்பிப் பார்க்கிறார். இது எங்கிருந்து வந்தது? மேற்கே இரண்டு நாள் ஓட்டத்தில் உள்ள வானிக்கோரோவிலிருந்து. அங்கே ரொம்ப நாளுக்கு முன்னால் இரண்டு பெரிய கப்பல் உடைந்தது, இரும்பு ஆணி, கோடரி, பீங்கான், பாசிமணி எல்லாம் அங்கிருந்துதான் எங்கள் ஊருக்கு வருகிறது என்கிறார்கள் டிக்கோப்பியாக்காரர்கள். நானே அங்கே போயிருக்கிறேன், வயதான வெள்ளைக்காரர் இரண்டு பேரைப் பார்த்தேன் என்கிறான் லஸ்கர்.

இரண்டு கப்பல் என்றதும் டில்லனுக்குப் பொறி தட்டியது. பிரெஞ்சு ராஜா பதினாறாம் லூயி 1785-ல் லா பெரூஸ் என்ற தளபதியை இரண்டு கப்பல் கொடுத்து உலகம் சுற்றி வர அனுப்பினார். சுமார் 220 பேர். 1788 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் பாட்டனி விரிகுடாவை விட்டுக் கிளம்பினார்கள், அதோடு சரி. தலை வெட்டப்படும் நாளில்கூட ராஜா ‘லா பெரூஸ் பற்றித் தகவல் உண்டா’ என்று கேட்டதாகச் சொல்வார்கள், எவ்வளவு நிஜமோ. தேடப் போன தந்த்ரகாஸ்தோ 1793 மே மாதம் இதே வானிக்கோரோவைத் தூரத்திலிருந்து பார்த்தார். தன் கப்பலின் பெயரான ‘ரஷெர்ஷ்’ என்பதையே தீவுக்கு வைத்தார், தேடல் என்று அர்த்தம். வைத்துவிட்டு, இறங்காமல் போய்விட்டார். விபத்து நடந்து ஐந்து வருஷம்தான் ஆகியிருந்தது. கரையில் அப்போது யாராவது நின்று பார்த்துக்கொண்டிருந்தார்களா என்ற நினைப்பு வந்தால் எனக்கு இன்றைக்கும் தூக்கம் கெடும்.

டில்லன் வானிக்கோரோ வரைக்கும் போனார், காற்றில்லை, கப்பலில் ஓட்டை, சாப்பாடு குறைவு. கல்கத்தா போய் வங்காள ஆசியக் கழகத்தையும் கம்பெனி அரசையும் பிடித்து வேறு கப்பல் வாங்கினார். அதன் பெயர் ‘ரிசர்ச்’, மறுபடியும் தேடல்தான்! நடுவில் கப்பல் டாக்டரோடு தகராறு, டாஸ்மேனியாவில் வழக்கு, ஜெயில், அதெல்லாம் விட்டுவிடுவோம். 1827 செப்டம்பரில் வானிக்கோரோ.

அந்தத் தீவைச் சுற்றிப் பவளப் பார். கடலுக்குள் முழுகிக் கிடக்கும் பாறைத் திட்டை நம்ம மீனவர்கள் பார் என்பார்களே, அதேதான், ஆனால் தீவையே வேலி போட்ட மாதிரி. இரவு நேரம், புயல், முன்னால் வேலி இருப்பது பாய்மரக் கப்பலுக்குத் தெரியவா போகிறது? ஊர்ப் பெரியவர்கள் சொன்னது இது. ஒரு கப்பல் பாரில் மோதி உடைந்தது, தப்பி வந்தவர்களைக் கரையில் கொன்றார்கள், ஏனென்றால் முதலில் கப்பலிலிருந்து சுட்டார்கள். இன்னொன்று பாயூ என்ற இடத்தில் ஒதுங்கியது. அந்த ஆட்கள் சாமான் கொடுத்துச் சமாதானமாகி, உடைந்த கப்பல் மரத்திலேயே சின்னதாக ஒன்று கட்டி, சில மாதத்தில் கிளம்பிப் போனார்கள். போனவர்கள் எந்தக் கரையும் சேரவில்லை. பின்தங்கிய இருவரில் ஒருவர் செத்து மூன்று வருஷம்தான் ஆகிறது.

‘அவர்கள் நீளமான குச்சி வழியாக நிலாவோடும் நட்சத்திரத்தோடும் பேசினார்கள்’ என்றும் ஒருவர் சொன்னார். தொலைநோக்கி! முப்பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் பார்த்ததை இதைவிடத் துல்லியமாக எப்படிச் சொல்வது? தோராயமான கதை என்று தள்ளிவிடாமல் டில்லன் அப்படியே எழுதி வைத்தார், அதற்காக அவருடைய மற்ற அளப்புகளை எல்லாம் மன்னிக்கலாம். 2005-ல் முழுகித் தேடியவர்கள் ஒரு செக்ஸ்டன்ட்டை, அதாவது சூரியன், நட்சத்திரத்தின் உயரத்தை அளந்து கப்பல் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும் கருவியை, எடுத்தார்கள், அதை வைத்துத்தான் பாரில் உடைந்தது தளபதியின் புஸ்ஸோல் கப்பல் என்பது உறுதியானது.

டில்லன் பித்தளைப் பீரங்கி, மணி, திரிகைக் கல், செதுக்கிய மரத்துண்டு எல்லாவற்றையும் பாரிஸுக்குக் கொண்டுபோனார். லெசெப்ஸ் என்று ஒருவர், லா பெரூஸோடு கிளம்பி, தபால் கொண்டுபோக 1787-ல் ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் உள்ள கம்சாத்காவில் இறங்கிக்கொண்டவர், சூயஸ் கால்வாய் வெட்டிய லெசெப்ஸுக்குப் பெரியப்பாவோ சித்தப்பாவோ முறை, அவர் கிழவராக வந்து பார்த்து, பல பொருள்களை இது எங்கள் கப்பலுடையது என்றார். டில்லனுக்கு அப்போதைய பிரெஞ்சு ராஜா சார்லஸ் பட்டமும் வருஷம் 4000 ஃபிராங்க் ஓய்வூதியமும் கொடுத்தார்.

லஸ்கர்? வழிகாட்ட வா என்று டில்லன் கூப்பிட்டதற்கு வரவில்லை. 1828-ல் பிரெஞ்சுத் தளபதி துர்வில் டிக்கோப்பியாவுக்கு வந்து கூப்பிட்டார், அப்போதும் மாட்டேன் என்றுவிட்டான். வானிக்கோரோவில் காய்ச்சல் ஆளைக் கொல்லும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த விஷயம். துர்வில் போனார், நினைவுச் சின்னம் கட்டினார், அவருடைய ஆட்கள் காய்ச்சலில் வரிசையாகப் படுத்தார்கள். டிக்கோப்பியாவில் இவன் மீன் பிடித்துக்கொண்டு இருந்திருப்பான். முள்தான் இருக்கிறதே.