சரக்கோடு கப்பலேறும் புழுக்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஏற்றுமதி என்றாலே நமக்குச் சரக்குதான் நினைவுக்கு வரும். அதைத் தாங்கிச் செல்கிற மரப் பேலட்டை, அதாவது சரக்கை அடுக்கும் அடித்தட்டை, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பெரும்பாலும் அது வேறெதற்கும் ஆகாத மட்ட ரக மரம். பட்டைகூட முழுதாகச் சீவப்பட்டிருக்காது. மரம் துளைக்கும் பூச்சிக்கு வேறென்ன வேண்டும்?

1996-இல் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில், நிழல் மரங்களில் வட்ட வட்டமாகத் துளைகள் தெரிந்தன. துளைத்தது ஆசிய நீள்கொம்பு வண்டு. அதன் தாயகம் சீனாவும் கொரியாவும். சரக்குப் பெட்டிகளின் மரத்துக்குள் புழுப் பருவத்திலேயே வந்து சேர்ந்திருக்கும் என்பதுதான் ஆய்வாளர்களின் கணிப்பு. 1999-இல் போர்ச்சுகலில் பைன் மர நூற்புழு கண்டறியப்பட்டது. வட அமெரிக்கப் பைன் மரங்கள் இந்தப் புழுவோடு பழகிப்போனவை, பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். ஐரோப்பிய மரங்களுக்கு அது புதுசு. மரத்துக்குள் நீரோட்டம் அடைபட்டு, நின்ற நிலையிலேயே வாடிவிடுகின்றன.

இப்படிப்பட்ட அனுபவங்களுக்குப் பிறகு, 2002-இல் பன்னாட்டுத் தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கையின் கீழ், நாடு விட்டு நாடு போகும் சரக்கைத் தாங்கும் பேலட், பெட்டி போன்ற மரங்களுக்கென ஒரு விதி வந்தது. தொழிலில் இருப்பவர்கள் 'ஐ.எஸ்.பி.எம். 15' என்பார்கள். அது சொல்லும் முக்கியமான சிகிச்சை சூடேற்றுவது: மரத்தின் நடுப்பகுதி உட்பட எல்லா இடத்திலும் 56 டிகிரி செல்சியஸ் வெப்பம், இடைவிடாமல் 30 நிமிடம். சூளைக்குள் இருக்கும் காற்று 56 டிகிரியைத் தொட்டுவிட்டால் போதாது. புழு இருப்பது காற்றில் அல்ல, கட்டையின் உள்ளே. அதனால்தான் தடிமனான கட்டையில் துளையிட்டு வெப்பமானியைச் செருகுகிறார்கள். "நன்றாகக் காய்ந்த மரம்தானே, எதற்கு இதெல்லாம்?" என்று கேட்பவர்கள் உண்டு. காய்வது வேறு, உள்வரை சூடேறுவது வேறு. (சூடேற்றிய ஈர மரத்தில் பின்னால் பூஞ்சணம் படர்ந்தால், சிகிச்சை தவறிவிட்டதாகப் பதறவும் வேண்டாம். இந்த விதி பூஞ்சணத்துக்காக வந்ததல்ல.)

சூடேற்றுவதற்குப் பதிலாக, மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவைக் கொண்டு புகையூட்டவும் அனுமதி உண்டு. ஆனால் அந்த வாயு ஓசோன் படலத்தை அரிக்கிறது. சூடேற்ற வசதி இருக்கும்போது அதை நாடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

எந்த முறையானாலும் பட்டையை நீக்கியாக வேண்டும். பட்டை மிஞ்சினால் சிகிச்சை முடிந்த மரத்திலும் வண்டுகள் அதற்கடியில் புதிதாக முட்டையிடலாம். 3 சென்டிமீட்டருக்குக் குறைவான அகலமுள்ள துண்டு ஒட்டியிருந்தால் மன்னிப்பு. அதைவிட அகலமானால், அந்தத் துண்டின் பரப்பு 50 சதுர சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும்.

எல்லாம் முடிந்தபின் மரத்தில் முத்திரை. கோதுமைக் கதிர்ச் சின்னம், நாட்டின் ஈரெழுத்துக் குறியீடு, தயாரிப்பாளரின் எண், சிகிச்சையின் சுருக்கக் குறி. கையால் எழுதக்கூடாது, சிவப்பு, ஆரஞ்சு நிறங்கள் ஆபத்தான சரக்குகளுக்கு உரியவை என்பதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும். தனியாகத் தாவர நலச் சான்றிதழ் தேவையில்லை, முத்திரையே சான்று. இந்த விதியில் எனக்குப் பிடித்த அம்சமும் இதுதான், பயமுறுத்துகிற அம்சமும் இதுதான். சிகிச்சை நடந்ததா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. முத்திரை பொய்யானால் மொத்தமும் பொய்.

ஒட்டுப் பலகையும் துகள் பலகையும் தயாரிப்பிலேயே சூட்டையும் அழுத்தத்தையும் சந்தித்தவை; 6 மில்லிமீட்டருக்கு மிகாத மெல்லிய மரத்தில் இந்தப் பூச்சிகள் பிழைக்க இடமில்லை. இவற்றுக்கெல்லாம் விலக்கு உண்டு.

பலர் தடுக்கி விழுவது பழுதுபார்த்த பேலட்டில். உடைந்த பலகைக்குப் பதில் கையில் கிடைத்ததை அடித்துவிட்டு, பழைய முத்திரை இருக்கிறதே என்று அனுப்பிவிடுகிறார்கள். மாற்றிய பகுதி மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தாலும், புதிதாகச் சேர்த்த ஒவ்வொரு துண்டும் சிகிச்சை பெற்று, தனக்கென முத்திரை தாங்கியிருக்க வேண்டும். அதற்கு மேல் மாற்றினால் பழைய முத்திரைகளை அழித்து, முழுவதையும் மறுபடி சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். கன்டெய்னருக்குள் சரக்கு நகராமல் கடைசி நேரத்தில் செருகும் முட்டுக் கட்டைகளும் இதே விதிக்குள் அடக்கம். ஏற்றுமிடத்தில் அவற்றைத்தான் முதலில் பாருங்கள். முத்திரையில்லாத ஒரு கட்டை போதும், இறக்குமதி செய்யும் நாடு சரக்கை நிறுத்திவைத்து மரத்தை எரிக்கச் சொல்லலாம், திருப்பியும் அனுப்பலாம்.

நன்றி, வணக்கம்.