மால்கம் எக்ஸ் பூங்காவிலிருந்து புறப்பட்ட ஊர்வலம்

வணக்கம் நண்பர்களே. வாஷிங்டன் நகரத்தில், மெரிடியன் ஹில் பூங்காவில் நின்று பேசுகிறேன். பின்னால் பறையொலி போல ஒன்று கேட்கிறதல்லவா? 1965-இல் கறுப்பின உரிமைத் தலைவர் மால்கம் எக்ஸ் கொல்லப்பட்ட பிறகு தொடங்கி, இன்றும் ஞாயிறுதோறும் இங்கே கூடி வாசிக்கிறார்கள். இந்தப் பக்கத்தில் பலரும் இதை மால்கம் எக்ஸ் பூங்கா என்றே சொல்கிறார்கள். அரசாங்கத்தின் பெயர்ப் பலகைதான் இன்னும் மாறவில்லை.

1972 மே 27 அன்று இங்கிருந்துதான் ஆப்பிரிக்க விடுதலை நாள் ஊர்வலம் கிளம்பியது. பல்லாயிரம் கறுப்பின மக்கள் திரண்டார்கள். அங்கோலா, மொசாம்பிக், கினி-பிசாவு மூன்றும் அப்போது போர்ச்சுகலின் பிடியில் இருந்தன. கொண்டாட்டம்தான்; ஆனால் போர்ச்சுகல் தூதரக வாசலிலும் வெள்ளையர் மட்டுமே ஆண்ட தென்னாப்பிரிக்காவின் தூதரக வாசலிலும் நின்று கணக்குக் கேட்ட கொண்டாட்டம். அமெரிக்க வெளியுறவுத் துறையையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. முன்னின்று நடத்திய ஒவூசு சதாவுகாய் அதற்கு முந்தைய ஆண்டு மொசாம்பிக் போராளிகளோடு காட்டுக்குள் நடந்து திரும்பியவர். 'உங்கள் நாட்டிலிருந்தே எங்களுக்குத் துணை நில்லுங்கள்' என்பதே அவர்கள் அவரிடம் கேட்டது.

அப்படித் துணை நின்றவர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. கரோலைன் ஹன்டர். மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில், எடுத்த உடனே படம் கையில் வரும் கேமராக்களைச் செய்த போலராய்டு நிறுவனத்தில் வேதியியலாளராக இருந்த இளம்பெண். 1970-இல் ஒருநாள், அங்கேயே வேலை பார்த்த புகைப்படக்காரர் கென் வில்லியம்ஸுடன் மதிய உணவுக்குக் கிளம்புகிறார். வழியில் ஒரு மாதிரி அடையாள அட்டை கண்ணில் படுகிறது. படத்தில் இருப்பவர் அவர்களுக்குத் தெரிந்த சக ஊழியர்தான். கீழே அச்சிட்டிருப்பதோ தென்னாப்பிரிக்கச் சுரங்கத் துறையின் பெயர்!

அந்த நாட்டில் அப்போது கறுப்பர்கள் 'பாஸ் புத்தகம்' என்ற அடையாளப் புத்தகம் இல்லாமல் தெருவில் நடமாட முடியாது, காட்டாவிட்டால் சிறை. அந்தப் புத்தகத்துக்கான படத்தைச் சட்டென்று எடுத்துக் கொடுக்கும் கருவி, தாங்கள் சம்பளம் வாங்கும் இடத்திலிருந்து போகிறது என்பது இருவருக்கும் புரிந்துவிட்டது. துண்டறிக்கை அடித்து அலுவலகச் சுவரிலேயே ஒட்டினார்கள்: 'போலராய்டு கறுப்பின மக்களை அறுபது நொடியில் சிறைப்படுத்துகிறது.' எவ்வளவு துணிச்சல் பாருங்கள்!

1971-இல் ஹன்டர் ஐக்கிய நாடுகள் சபையின் முன் சாட்சியம் சொன்னார்; அதே ஆண்டு அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அவர் ஓயவில்லை. போலராய்டு பொருள்களை வாங்காதீர்கள் என்று ஊர் ஊராகப் பேசினார். தென்னாப்பிரிக்க அரசுக்கு விற்க மாட்டோம் என்று நிறுவனம் அறிவித்தது. ஆனால் அங்கிருந்த முகவர் கமுக்கமாக விற்றுக்கொண்டே இருந்தது 1977-இல் செய்தித்தாளில் அம்பலமானது. அதன் பிறகே போலராய்டு அந்த நாட்டை விட்டு வெளியேறியது. அதற்குள் ஹன்டரைப் பார்த்து வேறு பல நிறுவனங்களின் ஊழியர்களும், பல்கலைக்கழக மாணவர்களும், 'எங்கள் பணம் தென்னாப்பிரிக்காவில் என்ன செய்கிறது?' என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள்.