ரத்தமும் சவ்வும் சந்திக்கும் முதல் கால் மணி நேரம்

நேயர்களுக்கு வணக்கம்.

டயாலிசிஸ் முடிந்து, ஊசியைக் கழற்றி, பஞ்சு வைத்து அழுத்திக்கொண்டிருக்கும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் நோயாளிகள் என்னிடம் மனம்விட்டுப் பேசுவார்கள். அப்போது அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு. "ஏன் தம்பி, ரத்தத்தைச் சுத்தம் பண்ணித்தானே அனுப்புறீங்க? அப்போ தெம்பு வரணும் இல்லையா? அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கே, ஏன்?"

டயாலிசிஸ் தொழில்நுட்பராக வேலைக்குச் சேர்ந்த புதிதில், "நீர் இறக்கியிருக்கிறோம், ரத்த அழுத்தம் குறைந்திருக்கும், அதனால்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவேன். அது பொய்யில்லை. நான்கு மணி நேரத்தில் இரண்டு மூன்று லிட்டர் நீரை இறக்கினால் எந்த உடம்பும் துவளத்தான் செய்யும். ஆனால் அது பாதி பதில்தான். மீதி பதிலின் ஒரு பகுதி, ரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயலைசருக்குள் இருக்கலாம். அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

டயலைசரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கையில் பிடிக்கக்கூடிய பிளாஸ்டிக் குழாய். அதற்குள் பத்தாயிரம் அளவில் மெல்லிய இழைகள். ஒவ்வொரு இழையும் உள்ளே துளையுள்ள குழல். அந்தத் துளையின் விட்டம் மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. ரத்தம் இழைக்குள்ளே ஓடுகிறது, டயாலிசிஸ் திரவம் வெளியே எதிர்த்திசையில் ஓடுகிறது. நடுவில் இருக்கும் இழையின் சுவர்தான் நாம் சொல்லும் சவ்வு. எல்லா இழைகளையும் பிரித்து விரித்தால் ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர் வரும், ஏறக்குறைய நோயாளி படுத்திருக்கும் கட்டிலின் அளவு. நிமிடத்துக்கு 300 மில்லிலிட்டர் வீதம் நான்கு மணி நேரம் ஓட்டினால் 72 லிட்டர் ரத்தம் அந்தப் பரப்பை உரசிச் செல்கிறது. உடம்பில் இருப்பதோ ஐந்து லிட்டர்தான். அதாவது அதே ரத்தம் திரும்பத் திரும்ப அந்தச் சவ்வைத் தொட்டுவிட்டு வருகிறது. வாரத்துக்கு மூன்று முறை என்றால் ஆண்டுக்கு 150 முறைக்கு மேல்.

இந்தச் சவ்வை நாம் சல்லடை என்று சொல்லிப் பழகிவிட்டோம். நானும் நோயாளிகளுக்கு அப்படித்தான் விளக்கியிருக்கிறேன். சின்னது போகும், பெரியது நிற்கும். யூரியா போகும், புரதம் நிற்கும். விளக்கத்துக்கு எளிது. ஆனால் சல்லடையில் சலிக்கப்படும் மாவுக்கு உயிர் கிடையாது. ரத்தத்துக்கு உண்டு. அந்நியப் பொருள் எதிரே வந்தால் அதை அடையாளம் காண்பதற்கென்றே ரத்தத்தில் ஒரு காவல் ஏற்பாடு இருக்கிறது.

தொடக்க காலத்தில் இதைப் பற்றி யோசிக்க யாருக்கும் நேரமில்லை. நெதர்லாந்தில் வில்லெம் கோல்ஃப் 1943-இல் தன் சுழலும் உருளை இயந்திரத்தால் நோயாளிகளுக்கு டயாலிசிஸ் செய்யத் தொடங்கியபோது போர் நடந்துகொண்டிருந்தது. அவருக்குக் கிடைத்த சவ்வு, இறைச்சியை அடைத்து விற்கப் பயன்படுத்தும் செல்லோஃபேன் உறை. அதை உருளையில் சுற்றித்தான் மனித ரத்தத்தை ஓட்டினார். சாகும் தறுவாயில் இருந்தவர்களுக்கு ஏதோ ஒரு வழி கிடைத்தது. அதை நினைக்கும்போது எனக்கு இன்றும் கைகூப்பத் தோன்றும். செல்லோஃபேன் என்பது மரக்கூழிலிருந்து வரும் செல்லுலோஸ். அப்புறம் பல பத்தாண்டுகளுக்குச் சவ்வு என்றாலே செல்லுலோஸ்தான். மலிவு, மெல்லியது, யூரியாவை நன்றாகக் கடத்தும்.

1968-இல்தான் ஒரு விசித்திரமான விஷயம் ஆய்விதழில் வெளியானது. டயாலிசிஸ் தொடங்கிய சில நிமிடங்களில் நோயாளியின் ரத்தத்திலிருந்த வெள்ளணுக்கள் திடீரென மறைந்துபோயின. கால் மணி நேரம் வாக்கில் எண்ணிக்கை அடிமட்டத்துக்குப் போகும். பிறகு மெல்ல ஏறி, முடிவதற்குள் பழைய அளவுக்கு வந்துவிடும். சவ்வின் துளை வழியே அவை வெளியேற முடியாது, அவ்வளவு பெரியவை. அப்படியென்றால் எங்கே போயின?

பதில் 1977-இல் வந்தது. கிராடாக்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஒரு சோதனை செய்தார்கள். ரத்தத்தின் பிளாஸ்மாவை, அதாவது அணுக்கள் நீங்கலான திரவத்தை மட்டும் எடுத்து, டயலைசர் செல்லோஃபேனில் ஊறவைத்து, அந்தப் பிளாஸ்மாவை முயல்களுக்கும் ஆடுகளுக்கும் செலுத்தினார்கள். அந்த விலங்குகளின் உடம்பில் சவ்வு படவே இல்லை. ஆனாலும் வெள்ளணுக்கள் மறைந்தன. அவை போய் அடைந்த இடம் நுரையீரலின் நுண்ணிய ரத்தக்குழாய்கள். அங்கே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தேங்கி நின்றன.

நடப்பது இதுதான். செல்லுலோஸின் மேற்பரப்பு முழுக்க ஹைட்ராக்சில் தொகுதிகள், அதாவது ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த இணைகள். ரத்தத்தில் காம்ப்ளிமென்ட் என்ற காவல் புரதங்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அந்த ஹைட்ராக்சில் பரப்பு அவற்றின் கண்ணுக்கு ஒரு கிருமியின் தோலைப் போலத் தெரிகிறது. அவை அதில் ஒட்டி, உடைந்து, சி5ஏ என்ற துணுக்கை ரத்தத்தில் விடுகின்றன. அது வெள்ளணுக்களுக்கான அபாய மணி. மணி அடித்ததும் வெள்ளணுக்கள் போருக்குத் தயாராகின்றன. இல்லாத எதிரியோடு போர்.

அவற்றின் ஆயுதம் என்ன தெரியுமா? ஆக்சிஜன்தான். வெள்ளணு தன் நொதியால் ஆக்சிஜனை சூப்பராக்சைடாக மாற்றுகிறது, அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு வருகிறது, அப்புறம் மைலோபெராக்சிடேஸ் என்ற நொதி அதையும் குளோரைடையும் சேர்த்து ஹைப்போகுளோரஸ் அமிலம் செய்கிறது. சலவைக்குப் பயன்படும் பிளீச்சிங் திரவத்தில் வேலை செய்வதும் இதே அமிலம்தான். கிருமி மேல் பட்டால் கிருமி சாகும். கிருமியே இல்லாதபோது? நம் சொந்தக் கொழுப்பின் மேல், புரதத்தின் மேல், ரத்தக்குழாயின் உள்சுவர் மேல் படும். இரும்பு துருப்பிடிப்பது போன்ற ஒரு வேதிவினை உடம்புக்குள் நடக்கிறது. இதைத்தான் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்கிறார்கள். பிரான்ஸில் ஒரு குழு 1996-இல் டயாலிசிஸ் நோயாளிகளின் ரத்தத்தில் இப்படித் துருவேறிய புரதங்களையே பிரித்துக் காட்டியது.

நல்ல உடம்பாக இருந்தால் சமாளித்துவிடும், அதற்கான தற்காப்பு நம்மிடம் உண்டு. சிறுநீரகம் செயலிழந்தவர்களிடம் அந்தத் தற்காப்பே ஏற்கெனவே மெலிந்திருக்கிறது. முதல் டயாலிசிஸுக்கு முன்பே அவர்கள் ரத்தத்தில் ஆக்சிஜனேற்றத்தின் தடயங்கள் கூடுதலாக இருக்கும். பொட்டாசியத்துக்குப் பயந்து பழங்களையும் காய்கறிகளையும் குறைத்திருப்பார்கள். போதாததற்கு, யூரியாவைப் போகவிடும் துளை வைட்டமின் சி-யையும் போகவிடுகிறது. அதுவும் சின்ன மூலக்கூறுதானே! ஆக, அடிக்கிற கை ஓங்குகிறது, தடுக்கிற கை தளர்கிறது. டயாலிசிஸ் நோயாளிகளின் மரணங்களில் இதயமும் ரத்தக்குழாயும் முதலிடத்தில் நிற்பதற்குப் பல காரணங்கள் உண்டு. இதுவும் அதில் ஒன்று என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

சரி, சவ்வை மாற்றினால்? மாற்றினார்கள். முதலில் ஹைட்ராக்சில் தொகுதிகளை அசிட்டேட்டால் மூடிப் பார்த்தார்கள், எதிர்வினை குறைந்தது. அப்புறம் பாலிசல்ஃபோன் போன்ற செயற்கைச் சவ்வுகள் வந்தன. இன்று பெரும்பாலும் இந்தக் குடும்பத்துச் சவ்வுகள்தான் பயன்பாட்டில் உள்ளன. இவற்றில் வெள்ளணு வீழ்ச்சி மிகக் குறைவு. முற்றிலும் இல்லை என்று சொல்ல மாட்டேன். ரத்தத்துக்கு அந்நியமாகத் தோன்றாத செயற்கைப் பரப்பு இதுவரை எதுவும் இல்லை.

பாலிஅக்ரிலோநைட்ரைல் சவ்வு ஒன்று காம்ப்ளிமென்ட் விஷயத்தில் நல்ல பெயர் வாங்கியிருந்தது. ஆனால் அதன் பரப்பில் எதிர்மின்னூட்டம் அதிகம். ஏசிஇ தடுப்பான் வகை ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அந்தச் சவ்வைப் பயன்படுத்தியபோது, பிராடிகைனின் என்ற பொருள் கூடி, சில நிமிடங்களில் கடும் ஒவ்வாமை போன்ற விளைவு வந்தது. அதனால்தான் எந்த மாத்திரை மாறினாலும் டயாலிசிஸ் பிரிவில் சொல்லுங்கள் என்று நாங்கள் நச்சரிக்கிறோம். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

துளையைப் பெரிதாக்கும் முயற்சியும் நடந்தது. யூரியாவின் மூலக்கூறு எடை 60. பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற கழிவுப் புரதத்தின் எடை 11,800. இது பழைய சவ்வில் வெளியேறாமல் ஆண்டுக்கணக்கில் மூட்டுகளில் படிந்து வலி தந்தது. பெரிய துளைச் சவ்வில் இது வெளியேறுகிறது. ஆயுள் கூடுகிறதா? 1,846 பேரை வைத்துச் செய்து 2002-இல் வெளியான ஆய்வில், பெரிய துளைச் சவ்வால் ஒட்டுமொத்த உயிர்பிழைப்பு குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. பெரிய துளைச் சவ்வோடு நிறையத் திரவத்தையும் செலுத்தி வடிக்கும் ஹீமோடயாஃபில்ட்ரேஷன் முறையைச் சோதித்த ஆய்வு 2023-இல் வந்தது. 1,360 பேரில், அந்த முறையைப் பெற்றவர்களில் 17.3 சதவீதம் பேரும், மற்றவர்களில் 21.9 சதவீதம் பேரும் இறந்தார்கள். இந்த வித்தியாசம் சின்னதில்லை என்பது என் எண்ணம்.

ஆனால் பெரிய துளை என்றால் இரண்டு பக்கமும் கதவு திறந்திருக்கிறது என்று அர்த்தம். திரவப் பக்கத்திலிருந்தும் பொருள்கள் ரத்தத்துக்குள் வரலாம். ஒரு டயாலிசிஸுக்கு 120 லிட்டர் திரவம் தேவை. அந்த நீரில் செத்த பாக்டீரியாவின் துணுக்கு இருந்தால் மீண்டும் அதே அபாய மணி அடிக்கும். குழாய் நீரில் கிருமி நீக்கத்துக்காகச் சேர்க்கப்படும் குளோராமைன், நீரை வடிகட்டும் கரித்தொட்டியில் நீங்காமல் வந்துவிட்டால் சிவப்பணுக்களையே நேரடியாக ஆக்சிஜனேற்றி உடைத்துவிடும். அதனால் விலையுயர்ந்த சவ்வைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறவர்களைவிட, நாள்தோறும் நீரைச் சோதித்துப் பதிவேட்டில் எழுதுகிறவர்கள் மேல்தான் எனக்கு மரியாதை அதிகம்.

வைட்டமின் ஈ பூசிய சவ்வுகளும் உண்டு. ரத்தத்தில் ஆக்சிஜனேற்ற அடையாளங்கள் சிலவற்றை அவை குறைக்கின்றன. ஆனால் பரிசோதனைச் சீட்டில் எண் குறைவதும் மனிதர் கூடுதலாக வாழ்வதும் ஒன்றில்லை. இந்த இரண்டாவது இன்னும் நிறுவப்படவில்லை. 2000-இல் ஓர் ஆய்வு, ஏற்கெனவே இதய நோய் இருந்த 196 டயாலிசிஸ் நோயாளிகளைக் கொண்டது. வைட்டமின் ஈ மாத்திரை பெற்றவர்களுக்கு மாரடைப்பு போன்றவை குறைந்தன, மொத்த மரணங்களில் வித்தியாசம் தெரியவில்லை.

இதைக் கேட்டுவிட்டு யாரும் கடையில் போய் மாத்திரை வாங்கிவிடாதீர்கள், தயவுசெய்து. முக்கியமாக வைட்டமின் சி. அளவுக்கு மீறினால் அது உடம்பில் ஆக்சலேட்டாக மாறும். சிறுநீரகம் வேலை செய்யாதவருக்கு அதை வெளியேற்றப் போதிய வழியில்லை, இதயம் முதல் எலும்பு வரை படியும். இரும்புச்சத்து ஊசி ரத்தசோகைக்குத் தேவைதான், ஆனால் கட்டற்ற இரும்பு ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டும். அதனால்தான் உடம்பின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பார்த்துப் பார்த்துப் போடுகிறோம். "ஊசி ஒன்று கூடப் போடுங்களேன்" என்று கேட்கும்போது நாங்கள் மறுப்பது கஞ்சத்தனத்தால் இல்லை.

அடுத்த முறை போகும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். எனக்குப் போடும் டயலைசரின் சவ்வு எந்த வகை? நீரை எப்போது கடைசியாகச் சோதித்தீர்கள்? கழுத்தில் இருக்கும் கதீட்டர் குழாயை எடுத்துவிட்டு, கையில் ரத்தக்குழாய்களை இணைத்துச் செய்யும் ஃபிஸ்டுலாவுக்கு எப்போது மாறலாம்? இந்த மூன்றாவது கேள்விதான் பலருக்கு மறந்துபோகிறது. கதீட்டர் கிருமிக்கு வாசல். ஒவ்வொரு தொற்றும் வெள்ளணுக்களை மறுபடி எழுப்பிவிடும்.

அப்புறம், இன்னும் கொஞ்சமாவது சிறுநீர் போகிறதென்றால் அதன் அளவை எங்களிடம் சொல்லுங்கள். அந்தக் கொஞ்சத்தைக் காப்பாற்ற நீர் இறக்கும் வேகத்தைக் குறைக்கவும், சில வலி மாத்திரைகளைத் தவிர்க்கவும் முடியும். அந்தச் சிறுநீரகத்தின் சவ்வைத்தான் உங்கள் ரத்தம் அந்நியமாக நினைப்பதில்லை.

வணக்கம்.